கொதிப்பு நேரம்

மாலை ஆறரை ஆனதும் கூடத்துச் சுவரில் இருந்த இணைதுடிப்பி தொண்டையைச் செருமிக்கொண்டது. இயந்திரத்துக்குத் தொண்டை ஏது? ஆனாலும் செருமும். அப்படிச் செருமினால்தான் வீட்டில் உள்ளவர்களுக்கு அது ஓர் ஆள் மாதிரித் தோன்றும் என்று எவனோ ஒரு புத்திசாலி சம்பளம் வாங்கிக்கொண்டு யோசித்து வைத்திருக்கிறான்.

"வணக்கம் சுபிக்ஷா. வணக்கம் அமிழ்தா. இன்றைய செயல், பீட்ரூட் சாற்றில் கை அச்சு. பழைய நாளிதழைத் தரையில் விரியுங்கள். மகிழ்ச்சியாக இருங்கள்."

கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். அதையும் கட்டளையாகத்தான் சொல்லும்.

சுபிக்ஷா அப்போதுதான் வேலையை முடித்திருந்தாள். கோயம்புத்தூரில் பம்ப்செட் செய்யும் ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வடிவமைப்பு வரைகிற வேலை. கண் எரிந்தது. நான்கு வயது மகள் அமிழ்தா வந்து கையை நீட்டினாள், ஊசி போட்டுக்கொள்ள நீட்டுவதைப் போல. சுபிக்ஷா மகளின் மணிக்கட்டில் துடிப்புக் காப்பை மாட்டிவிட்டுத் தானும் ஒன்றை மாட்டிக்கொண்டாள். சுவரில் மஞ்சள் விளக்கு எரிந்தது.

இந்தக் காப்பும் விளக்கும் எப்படி வந்தன என்பதைச் சொல்லிவிடுகிறேன். பெற்றவர்களும் சிறு பிள்ளையும் உலகத்தை மறந்து ஒன்றாக விளையாடும்போது இருவரின் இதயமும் ஒரே நேரத்தில் வேகமெடுத்து ஒரே நேரத்தில் தணிகின்றன என்று யாரோ கண்டுபிடித்தார்கள். நல்ல கண்டுபிடிப்பு, நான் குறை சொல்லவில்லை. அதை அளக்க ஒரு கருவி செய்தார்கள். காப்பு துடிப்பை எண்ணும், சுவர்ப்பெட்டி இரண்டையும் ஒப்பிட்டு நூற்றுக்கு இத்தனை என்று ஓர் எண் சொல்லும். அதற்குப் பெயர் ஒப்பெண். ஒத்துப்போனால் பச்சை, அரைகுறை என்றால் மஞ்சள், இல்லாவிட்டால் சிவப்பு. வேலை வேலை என்று ஓடிவிட்டுப் பிள்ளையோடு என்ன விளையாடுவது என்றே தெரியாமல் முழித்துக்கொண்டிருந்த ஜனங்களுக்கு அது தினம் ஒரு யோசனையும் சொன்னது. துணி கிளிப்பில் முதலை, மைதா மாவில் வண்ண உருண்டை, சுவரில் நிழல் முயல். ஆரம்பத்தில் எல்லோரும் ரசித்தார்கள்.

ஆனால் நம் ஊரில் ஒரு விஷயத்துக்கு எண் வந்துவிட்டால் அதற்குக் கட்-ஆஃப் வராமல் இருக்குமா? அவினாசி சாலையில் ஒரு பெரிய பள்ளி, எல்.கே.ஜி. சேர்க்கைக்கு ஒப்பெண் பார்ப்போம் என்று அறிவித்தது. பிள்ளையை வடிகட்டப் பரீட்சை வைக்கக்கூடாது என்று சட்டம் இருந்தது. இது பரீட்சை இல்லையே, பாசம்தானே என்றார்கள். அடுத்த ஆண்டு எல்லாப் பள்ளிகளும் கேட்டன.

அதற்கப்புறம் நடந்த கூத்தை எங்கே போய்ச் சொல்ல! காந்திபுரத்தில் ஒரு மாடியில் ஞாயிற்றுக்கிழமை காலை வகுப்பு தொடங்கியது. பிள்ளைகளுக்கு இல்லை, அப்பாக்களுக்கு. சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு வரிசையாகத் தரையில் உட்கார்ந்து காகிதக் கப்பல் மடித்தார்கள். ஆளுக்கொரு துடிப்புப் பொம்மை கொடுத்தார்கள். அது பிள்ளை மாதிரித் துடிக்கும். அதோடு விளையாடி மாதிரித் தேர்வு எழுத வேண்டும். போன ஆண்டு வந்த செயல்கள், எந்த இடத்தில் மூச்சை இழுக்க வேண்டும், எந்த இடத்தில் சிரிக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் கைடு போட்டு விற்றார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் சொந்தப் பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டுப் பொம்மையோடு விளையாடப் போகிறோமே என்று ஒருத்தருக்காவது உறைத்ததா? உறைக்கவில்லை.

சுபிக்ஷாவின் கணவன் கவின்ராஜ் அந்த வகுப்பில் முதல் ரேங்க். பொம்மையோடு தொண்ணூறுக்கு மேல் வாங்குவான். வீட்டில் சொந்த மகளோடு உட்கார்ந்தால் மஞ்சளைத் தாண்டாது. கெட்டவன் இல்லை அவன். பயந்தவன். தன் மகள் ஒரு நல்ல பள்ளிக்கூடத்தின் வாசலில் நின்று திரும்பி வந்துவிடுவாளோ என்கிற பயம் அவனை எந்நேரமும் பிடித்து ஆட்டியது. அதனால் ஆறரை மணிச் செயலைச் சுபிக்ஷாவின் தலையில் கட்டிவிட்டு, அவன் அறைக்குள் இருந்தபடி தன் கைப்பேசியில் எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பான்.

அன்றைக்கு அமிழ்தா தன் சின்ன உள்ளங்கையைப் பீட்ரூட் சாற்றில் முக்கித் தாளில் பதித்தாள். அழகாக விழுந்தது. ஐந்து விரலும் குண்டு குண்டாக. எந்தப் பிள்ளையும் அந்த நேரத்தில் தலையைத் தூக்கி அம்மாவின் முகத்தைப் பார்க்கும். அமிழ்தா தலையைத் தூக்கிச் சுவரைப் பார்த்தாள். மஞ்சள். சரி, எனக்கு இன்னும் சந்தோஷம் வரவில்லை போலிருக்கிறது என்பது மாதிரி இன்னொரு தாளை எடுத்தாள்.

சுபிக்ஷா அந்தத் தாளைக் கையில் எடுத்துப் பார்த்தாள். பள்ளிக்கூடம் கிடக்கட்டும். தன் மகள் சந்தோஷமாக இருக்கிறாளா இல்லையா என்பதைச் சுவரைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறாள். பெற்றவள் முகம் ஒன்று எதிரில் இருப்பதே அவளுக்கு மறந்துபோயிற்று. எனக்கு வேறு எதுவும் வேண்டாம், இவள் ஒரு தடவை என்னைப் பார்த்துச் சிரித்தாலும் சரி, அழுதாலும் சரி, அது எனக்கானதாக இருந்தால் போதும் என்று அவள் மனதுக்குள் மன்றாடினாள். இந்த ஆசைக்கு எந்தப் பெட்டியும் எண் கொடுப்பதில்லை.

சேர்க்கைக்கு நாள் நெருங்கியது. ஒரு மாலை போர்வைக் கூடாரம் வந்தது. நாற்காலிகளை நகர்த்திப் போர்வையை விரித்து உள்ளே உட்கார்ந்து கதை பேச வேண்டும். அமிழ்தா உள்ளே வரமாட்டேன் என்றாள். தூக்கம் வருகிறது என்றாள். காப்பைப் பல்லால் கடித்து இழுத்தாள். சுவரில் சிவப்பு எரிந்தது. அறையிலிருந்து கவின்ராஜ் எட்டிப் பார்த்து, இன்னும் கொஞ்ச நாள்தானே, ரெண்டு பேரும் அனுசரித்துப் போகக்கூடாதா என்று கெஞ்சிவிட்டு மறுபடி உள்ளே போய்விட்டான். சுவர் தன் பங்குக்குத் தொண்டையைச் செருமியது.

"அமிழ்தா சற்றுச் சோர்வாக இருக்கிறாள். சுபிக்ஷா, நீங்கள் இன்னும் கொஞ்சம் சிரித்தால் அவளும் சிரிப்பாள். மகிழ்ச்சியாக இருங்கள்."

சுபிக்ஷாவுக்கு என்ன ஆயிற்று என்று அவளுக்கே தெரியாது. எழுந்தாள், சமையலறைக்குப் போனாள், இரும்புத் தோசைத் திருப்பியை எடுத்துக்கொண்டு வந்து பெட்டியின் மூஞ்சியிலேயே ஓங்கி ஒன்று வைத்தாள்.

மகிழ்ச்சியாக இரு என்று எனக்குச் சொல்ல நீ யார் என்று கத்தினாள். என் பிள்ளை தூங்கணும் என்றால் தூங்குவாள், அழணும் என்றால் அழுவாள், உனக்கு எதற்குக் கணக்குச் சொல்லணும் என்று கத்தினாள். பெட்டியைத் திட்டினாள், பள்ளிக்கூடத்தைத் திட்டினாள், பொம்மையைக் கொஞ்சிவிட்டு வரும் அப்பாக்களைத் திட்டினாள், எல்லாவற்றுக்கும் தலையாட்டிய தன்னையும் திட்டினாள். ஒவ்வொரு திட்டுக்கும் ஓர் அடி. பெட்டியின் மூடி நெளிந்தது. பின்னால் சத்தம் கேட்டுத் திரும்பினாள். அமிழ்தா ஒரு தட்டும் டம்ளருமாக நின்றுகொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர். முகம் சிவந்திருந்தது. தட்டை டம்ளரால் அடித்தபடி, "எனக்கு வேண்டாம், எனக்கு வேண்டாம்" என்று தொண்டை கிழியக் கத்தினாள். அவள் சுவரைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்துக் கத்தினாள். சுபிக்ஷாவும் அவளைப் பார்த்துக்கொண்டே கத்தினாள். எத்தனையோ மாதமாகச் சேர்ந்துகிடந்ததை எல்லாம் இரண்டு பேரும் கொட்டித் தீர்த்துவிட்டு, கடைசியில் நாற்காலிகளுக்கு நடுவில் கட்டிக்கொண்டு விழுந்தார்கள். அமிழ்தா அவள் கழுத்தில் முகத்தைப் புதைத்து விம்மினாள். அந்த விம்மல் தனக்கானது என்று சுபிக்ஷாவுக்குத் தெரிந்தது. அவ்வளவு நிம்மதியை அவள் வாழ்க்கையில் அனுபவித்ததில்லை.

அப்போது கவின்ராஜ் கைப்பேசியும் கையுமாக வெளியே ஓடி வந்தான். திட்டப்போகிறான் என்று நினைத்தாள். அவன் கைப்பேசியைத் திருப்பிக் காட்டினான். நெளிந்த பெட்டியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஒப்பெண் தொண்ணூற்றொன்பது.

அந்த நகரத்தில் அதுவரை யாருக்கும் வராத எண் அது. இயந்திரம் பொய் சொல்லவில்லை. அதற்குச் சந்தோஷமும் தெரியாது, கோபமும் தெரியாது, இரண்டு இதயம் சேர்ந்து துடிக்கிறதா என்பது மட்டும்தான் தெரியும். சேர்ந்துதான் துடித்தன. மறுவாரமே அவினாசி சாலைப் பள்ளியிலிருந்து இடம் உறுதி என்று தகவல் வந்துவிட்டது. கவின்ராஜ் பால்கோவா வாங்கி அடுக்குமாடி முழுக்கக் கொடுத்தான்.

சில நாளில் இணைதுடிப்பி நிறுவனத்திலிருந்து மதுமிதா என்று ஒரு பெண் வந்தாள். கதர்ச் சேலை, மென்மையான குரல். சோபாவில் உட்காராமல் அமிழ்தாவுக்குச் சமமாகத் தரையில் உட்கார்ந்தாள். நெளிந்த பெட்டிக்குப் பதில் புதுப்பெட்டி மாட்டித் தந்தாள், உடைத்ததற்காக ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்று மாலை நடந்ததைப் பெட்டியில் இருக்கும் கேமரா பதிவு செய்திருக்கிறது, அதை மற்றப் பெற்றோருக்குக் காட்ட அனுமதி வேண்டும் என்றாள்.

கவின்ராஜ் முகத்தைத் தொங்கப் போட்டான். மனைவி கரண்டியும் கையுமாகக் கத்துவதை ஊரே பார்ப்பதா என்று அவனுக்கு வெட்கம். ஆனால் சுபிக்ஷா சரி என்றாள். ஏன் சரி என்றாள் தெரியுமா? இங்கேதான் அவள் தப்புக் கணக்குப் போட்டாள். அந்தப் பதிவைப் பார்த்தால் எல்லோருக்கும் உறைக்கும் என்று நினைத்தாள். ஒவ்வொரு வீட்டிலும் ஒருத்தி பல்லைக் கடித்துக்கொண்டு துணி கிளிப்பில் முதலை செய்துகொண்டிருக்கிறாள், அவளுக்குத் தைரியம் வரும், நாலு வீட்டில் பெட்டியைக் கழற்றுவார்கள், அப்புறம் நாற்பது வீடு, அப்புறம் பள்ளிக்கூடமே வாயை மூடும் என்று நினைத்தாள். பாவம்.

"நான் அன்னைக்கு விளையாடலைங்க. நிஜமாவே கோபம்," என்றாள் மதுமிதாவிடம். "ஒரு வார்த்தைகூட வெட்டாம அப்படியே போடுறதா இருந்தா எடுத்துக்கோங்க."

"நிஜம்தான் மேடம் எங்களுக்கும் வேணும்," என்றாள் மதுமிதா. "சத்தியமா ஒரு வார்த்தை வெட்ட மாட்டோம்."

வெட்டவில்லை. அந்த வாக்கை எழுத்துக்கு எழுத்து காப்பாற்றினார்கள். பள்ளிக்கூடத்தைத் திட்டியது, பெட்டியைத் திட்டியது, எல்லாம் முழுசாக வந்தது. மாநிலம் முழுக்கப் பார்த்தார்கள். பார்த்து அழுதார்கள், என் மனதில் இருப்பதை அப்படியே சொல்லிவிட்டாளே என்று ஒருவருக்கொருவர் அனுப்பினார்கள். அனுப்பிவிட்டு என்ன செய்தார்கள்? இன்னொரு தடவை போட்டுப் பார்த்துத் தோசைத் திருப்பியை எந்தக் கையில் பிடிக்கிறாள் என்று குறித்துக்கொண்டார்கள்.

அடுத்த மாதம் சுவர்ப்பெட்டிகள் புதிய செயல் ஒன்றை அறிவித்தன. கொதிப்பு நேரம். பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து கத்தித் தீர்க்கும் பதினைந்து நிமிடம். அடிப்பதற்கென்று இலவம்பஞ்சு அடைத்த பொய்ப்பெட்டி ஒன்றை நிறுவனமே அனுப்பியது, அதற்கும் கண், மூக்கு, வாய் எல்லாம் வைத்து. காந்திபுரத்து வகுப்பில் பாடத்தை மாற்றினார்கள். சுபிக்ஷா கத்தியதை வரிவரியாக எழுதி மனப்பாடம் செய்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தப் பக்கம் போனால் நாற்பது அப்பாக்கள் ஒரே குரலில், மகிழ்ச்சியாக இரு என்று எனக்குச் சொல்ல நீ யார் என்று துடிப்புப் பொம்மைகளைப் பார்த்துக் கேட்பது தெருவரைக்கும் கேட்கும். வீட்டில் சொந்தப் பிள்ளைகளோடு அவர்களும் மஞ்சளைத் தாண்டினார்கள். எல்லோருக்கும் எண் ஏறியதும் பள்ளிகள் கட்-ஆஃபைத் தொண்ணூற்றைந்து ஆக்கின. இனி வேறு வழியே இல்லை, எல்லா வீட்டிலும் கத்தியே ஆகவேண்டும்.

ஆறரை மணி ஆனால் அவர்கள் குடியிருந்த சரவணம்பட்டி அலறியது. கீழ்வீடு, மேல்வீடு, எதிர்வீடு, எல்லாம் தட்டும் டம்ளரும். பதினைந்து நிமிடம் கழித்துப் பொத்தானை அழுத்தினது போல அடங்கும், அப்புறம் அவரவர் வீட்டில் சாப்பாடு. பக்கத்து வீட்டுப் பிரணவிக்கு இரட்டைப் பிள்ளைகள். அவள் ஒருநாள் தயங்கித் தயங்கி வந்து, அந்த இரண்டாவது கத்தலுக்கு மூச்சை எந்த இடத்தில் இழுக்கிறீர்கள் அக்கா, எனக்கு அங்கேதான் எண் இறங்குகிறது என்று கேட்டாள். சுபிக்ஷா தெரியாது என்று கதவைச் சாத்தினாள். அக்காவுக்குச் சொல்லித்தர மனசில்லை என்று பிரணவி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

சுபிக்ஷா வீட்டில் மட்டும் என்ன வாழ்ந்தது? இடம் கிடைத்தாயிற்றே, இனி வேண்டாமே என்றால், முதல் ஆண்டு முடியும் வரை எண் இறங்கக்கூடாது என்று பள்ளியில் விதி. முதல் சில நாள் சுபிக்ஷாவுக்கு நிஜமாகவே கோபம் வந்தது. தன் கோபத்தை எடுத்துப் பாடமாக்கிவிட்டார்களே என்கிற கோபம். அதுவும் தீர்ந்ததும் எங்கிருந்தாவது தேடிப் பிடித்துக் கொண்டுவர வேண்டியிருந்தது. எட்டாம் வகுப்பில் ஓர் ஆசிரியை சொன்னது, கல்யாணத்தில் ஒரு நாத்தனார் சொன்னது, இப்படி. அமிழ்தாவுக்கு அந்தக் கவலை இல்லை. அவளுக்குக் கொண்டாட்டம். நிமிடத்தில் முகத்தைச் சிவக்க வைப்பாள், கேட்ட இடத்தில் கண்ணில் தண்ணீர் வரவழைப்பாள். "அம்மா, இன்னும் சத்தமா" என்று நடுவில் சொல்லிக் கொடுப்பாள். பச்சை வந்ததும் அதே முகத்தோடு போய்ப் பிஸ்கட் எடுத்துக்கொள்வாள்.

ஒரு நாள் அவள் சோற்றைத் தரை முழுக்க இறைத்தாள். சுபிக்ஷா அதட்டினாள். பிள்ளை பயந்து நின்றதா? ஓடிப்போய்த் தட்டையும் டம்ளரையும் எடுத்து வந்து எதிரில் நின்றுகொண்டது. அன்று இரவுச் சாப்பாட்டின்போது சுபிக்ஷா கணவனிடம், இந்தப் பெட்டியைக் கழற்று, இல்லாவிட்டால் நானே கழற்றி எறிகிறேன் என்று மேசையில் தட்டிச் சொன்னாள். எனக்கு வேறு எதுவும் போகட்டும், நான் வேண்டாம் என்று சொன்னால் வேண்டாம் என்று என் மகள் நம்ப வேண்டும், அது போய்விட்டது, அது இல்லாமல் நான் எப்படிப் பிள்ளை வளர்ப்பேன் என்று கேட்டாள். கவின்ராஜ் பொறுமையாகக் கேட்டான். கேட்டுவிட்டு அன்பாகச் சிரித்தான்.

"ரொம்ப நல்லா வருது சுபி," என்றான். "இதை நாளைக்கு ஆறரைக்கு வச்சுக்கோயேன்."

சுபிக்ஷா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். பேசி என்ன ஆகப்போகிறது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. சுபிக்ஷா வாழைக்காய் பஜ்ஜிக்கு எண்ணெய் வைத்திருந்தாள். மொட்டை மாடித் துணியை எடுக்கச் சொல்லிக் கவின்ராஜிடம் குரல் கொடுத்தாள், அவன் காதில் விழவில்லை. ஒரு நொடிதானே என்று அவளே சமையலறைக்கு வெளியே வந்து பால்கனிக் கொடியில் கிடந்ததை மட்டும் வாரிக்கொண்டு திரும்பினாள். அதற்குள் அமிழ்தா ஸ்டூலை இழுத்துப் போட்டு அடுப்பு மேடையருகே ஏறி நின்றிருந்தாள். கை வாணலியின் காதுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"அமிழ்தா, தொடாதே! கையை எடு!"

பெற்ற வயிறு கிழிந்து வந்த சத்தம் அது. உலகத்தில் எந்தப் பிள்ளையும் அந்தச் சத்தத்துக்கு அப்படியே நின்றுவிடும். காலகாலமாகப் பிள்ளைகள் உயிர் பிழைத்து வந்தது அந்த ஒரு சத்தத்தால்தான். அமிழ்தா திரும்பிப் பார்த்தாள். அம்மாவின் முகம் சிவந்திருந்தது, குரல் உச்சத்தில் இருந்தது. பிள்ளையின் முகம் மலர்ந்தது. ஸ்டூலின் மேல் காலை உதைத்து, "தொடாதே! கையை எடு!" என்று அதே குரலில் திருப்பிக் கத்தி, பக்கத்தில் கிடந்த சாரணிக் கரண்டியை எடுத்து வாணலியை ஓங்கி அடித்தாள்.

எண்ணெய் அவள் இடது முன்கையில் கொட்டியது. கூடத்தில் சுவர்ப்பெட்டி, அருமை, பச்சை என்று பாராட்டியது. ஆறரை மணிச் செயல் முடிந்ததும் காப்பைக் கழற்றி வைக்கிற பழக்கம் எப்போதோ போய்விட்டிருந்தது. அந்த ஒரு கணத்தில் இரண்டு இதயமும் ஒன்றாகத்தான் துள்ளியிருக்கும், அதையும் இயந்திரம் சரியாகத்தான் அளந்திருக்கும்.

ஆஸ்பத்திரியில் மருத்துவர் நல்ல மனுஷர். முகத்தில் படாமல் போனது உங்கள் அதிர்ஷ்டம், தழும்பு நிற்கும், கை நன்றாக வேலை செய்யும் என்றார். வலி தெரியாமல் இருக்க மருந்து ஏற்றினார். கவின்ராஜ் கட்டிலின் கால்மாட்டில் நின்று வாய்விட்டு அழுதான். எல்லாம் என்னால்தான், பெட்டியை இன்றைக்கே கழற்றுகிறேன், அந்தப் பள்ளிக்கூடமும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம் என்று அழுதான். முதன்முறையாக அவன் பயம் விட்டுப் பேசினான். சுபிக்ஷா அவன் தோளைத் தொட்டாள். பிள்ளையின் கையில் இருந்த காப்பைச் செவிலிப் பெண் ஏற்கெனவே வெட்டி எடுத்துக் குப்பையில் போட்டிருந்தாள்.

அப்போது மதுமிதா அழைத்தாள். காப்பு அறுந்ததும் அவர்களுக்குத் தகவல் போய்விட்டதாம். குரல் முன்னைவிட மென்மையாக இருந்தது. ரொம்ப வருத்தம் மேடம் என்றாள். இந்த வாரமே எல்லாப் பெட்டிகளிலும், கொதிப்பு நேரத்துக்கு முன்னால் அடுப்பை அணையுங்கள் என்று ஒரு வரி சேர்த்துவிடுவோம் என்றாள். இன்னும் எத்தனையோ பிள்ளைகளைக் காப்பாற்ற, இன்று நடந்ததைப் பாதுகாப்புப் பாடமாகக் காட்ட அனுமதி கிடைக்குமா என்றும் கேட்டாள்.

சுபிக்ஷா கத்தினாள். கட்டுப்போட்ட கையோடு பிள்ளை கிடக்கிறது, நீ எனக்கு அடுப்பை அணைக்கச் சொல்லித் தருகிறாயா என்று கத்தினாள். என் வாயிலிருந்து வந்த சத்தத்தைப் பிடுங்கிக்கொண்டாய், இனி நான் எதைச் சொல்லி என் பிள்ளையைத் தடுப்பேன், பேருந்துக்கு முன்னால் ஓடினால் எந்தக் குரலில் கூப்பிடுவேன் என்று கத்தினாள். வராந்தாவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அவள் பொருட்படுத்தவில்லை.

டங், டங் என்று சத்தம் கேட்டது. கட்டிலின் இரும்புக் கம்பியைத் தண்ணீர் டம்ளரால் தட்டிக்கொண்டிருந்தாள் அமிழ்தா. மருந்து மயக்கத்தில் கண் பாதிதான் திறந்திருந்தது. வறண்ட உதட்டோடு, அம்மா கத்தக் கத்த அவளும் ஈனக் குரலில் கூடவே கத்திக்கொண்டிருந்தாள்.

சுபிக்ஷா பாதி வாக்கியத்தில் நிறுத்தினாள். மறுமுனையில் மதுமிதா, மேடம், மேடம் என்றாள். அவள் அழைப்பைத் துண்டித்தாள்.

"ஏம்மா நிறுத்திட்டீங்க?" என்றாள் அமிழ்தா. "நான் நல்லாத்தான கத்துறேன்?"

சுபிக்ஷா கட்டிலருகே குனிந்து மகளின் கையிலிருந்து டம்ளரை வாங்கி வைத்தாள். உரக்கச் சொன்னால் விளையாட்டு என்று எடுத்துக்கொள்வாள் என்று, முடிந்தவரை குரலைத் தணித்துக்கொண்டாள்.

"இது விளையாட்டு இல்ல கண்ணு. அம்மாவுக்கு நிஜமாவே கோபம்."

அமிழ்தா புரிந்துகொண்டது போலத் தலையாட்டினாள். நல்ல கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, முகத்தைச் சுருக்கிச் சிவக்க வைத்தாள்.

"எனக்கும் நிஜமாவே கோபம்மா," என்று சொல்லிவிட்டு, அம்மா அடுத்து எப்போது ஆரம்பிப்பாள் என்று காத்திருந்தாள்.